வால் காட்டும் திசை

கூடத்து மொசைக் தரையில் இருந்த கீறல்கள் நேற்றைவிட ஆழமாகியிருந்தன.

கிருபாவதி மண்டியிட்டுத் தடவிப் பார்த்தாள். நேற்று வெறும் கோடு. இன்று நகம் இறங்கியது. தெருக்கதவிலிருந்து மகள் டெய்சியின் அறைவாசல் வரை, நூல் பிடித்தாற்போல் ஏழெட்டுக் கோடுகள். மதுக்கரையில் மழை பெய்தால் ஈர சிமெண்டு வாசனை அடிக்கும். இன்று வேறு வாசனை: நாள்பட்ட ஃப்ரீஸரைத் திறந்ததுபோல, குளிர்ந்த கல்லின் வாசனை.

அவள் கல்லூரியில் சுண்ணாம்புக்கல் பற்றிப் பாடம் நடத்துபவள். நிலத்தின்மேல் நகரும் பனிப்பாறையை அறிந்ததெல்லாம் சக ஆய்வாளர் எபினேசர் அண்ணன் பின்லாந்து ஏரிப் பகுதியிலிருந்து எட்டு மாதமாக எழுதும் மின்னஞ்சல்களில்தான். இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். ‘இங்க ஏரியெல்லாம் பனி தோண்டுன குழிங்க அம்மணி. அடியில கல்லைப் பிடிச்சுக்கிட்டுப் பாறையைச் சொரண்டிட்டே போயிருக்குது. ஒரு நாளைக்கு ஒரு முழம் நகர்ந்தாலே அதிகம். ஆனா எதுக்கும் நின்னதில்லீங்க.’

காலையில் தரையைப் படமெடுத்து, கோடுகள் எங்கிருந்து எதுவரை என்றும் எழுதி அவருக்கு அனுப்பியிருந்தாள். ‘மதுக்கரையில பனிப்பாறையா? ஏனுங்க, ஏசியைக் கொஞ்சம் கொறச்சு வையுங்க. கிட்டத்துல ஒரு போட்டோ அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்’ என்று பதில் வந்தது. அனுப்பினாள். அதன்பின் பதில் இல்லை.

சாயங்காலம் கணவன் ஜோஸை அழைத்துக் கீறல்களைச் சொன்னாள்.

“காங்கேயத்துல பஸ் ஏறிட்டேன் கண்ணு. வீட்டு ஓனர் சோபாவ இழுத்திருப்பாரு.”

“ஓனர் வந்தே ஆறு மாசமாச்சுங்க.”

“அப்ப நீ இழுத்திருப்ப. வாரேன், வாரேன்.”

போனை வைத்ததும் அந்தச் சத்தம். காதில் விழவில்லை, உள்ளங்காலில் ஏறியது. ஆட்டுக்கல்லை யாரோ மிக மெதுவாக, அவசரமே இல்லாமல், தரைக்கு அடியில் சுற்றுவதுபோல. தெருவிலிருந்து ஏதோ வருகிறது. டெய்சியின் அறைக்குத்தான் வருகிறது.

தெருக்கதவைப் பூட்டினாள். இரும்பு பீரோவை மூச்சிரைக்கத் தள்ளி அதன்மேல் சாத்தினாள். பீரோவின் மூலை கதவு நிலையில் சிக்கி இறுகிக்கொண்டது. இருக்கட்டும். அறைக்குள் ஓடித் தாழிட்டாள்.

டெய்சி சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தாள்.

“அம்மா, கட்டிலு ஜில்லுங்குது.”

“மழைடா தங்கம். கண்ண மூடிக்கோ.”

இன்னொரு போர்வையைக் கழுத்துவரை போர்த்திவிட்டு, கதவைப் பார்த்தபடியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். போன் அதிர்ந்தது. எபினேசர்.

‘அம்மணி, இப்பத்தான் சிக்னல் கெடச்சுது. மொசைக்குல இருக்கற ஒவ்வொரு கெட்டிக் கல்லுக்கும் ஒரு பக்கம் தேயாம சின்ன வால் நிக்குது பாருங்க. கல்லு மறைச்ச எடம் தேயாது. வால் காட்டற பக்கந்தான் பனி போற பக்கம். எல்லா வாலும் தெருக்கதவப் பாத்து இருக்குது. அது உள்ள வரலீங்க. பாப்பா ரூமுல இருந்து கெளம்புது. பாப்பாவத் தூக்கிட்டு வெளிய போயிருங்க.’

இரண்டு முறை படித்தாள்.

பீரோ. சிக்கிய பீரோ.

இத்தனை நேரம் கதவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். முதுகு சில்லிட்டிருந்தது. அவள் விட்ட மூச்சு வெள்ளையாக மிதந்தது.

திரும்பிப் பார்க்காமல் குழந்தையை வாரித் தூக்கினாள். உடம்பு வந்தது. தலை வரவில்லை.

“அம்மா, இழுக்காத. வலிக்குது.”

திரும்பினாள்.

சுவர் இல்லை. சுவர் இருந்த இடத்தில் வெள்ளை. தரையிலிருந்து கூரைவரை. உள்ளே மங்கலாகக் கற்கள். ஒரு மாட்டுக் கொம்பு. அதற்குப் பின்னால் வரிசை வரிசையாக முகங்கள், கண் திறந்தபடி, எல்லாம் தெருவைப் பார்த்து.

டெய்சியின் இரண்டு ஜடைகளும் காதுவரை அதற்குள் இருந்தன.

கட்டில் ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது.