வாடைப்பக்கம் முந்நூறு அடி

“மழை விட்டபிறகு போங்கள்,” என்றாள் வீட்டுக்காரி. அந்தத் தீவில் மழை எப்போது விட்டது, இவர்கள் போக? எஸ்தரும் தம்பி கிளமென்றும் கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

நோர்வேயின் வடகோடியில், நாற்பது வீடுகள் உள்ள அந்த மீன்பிடிக் கிராமத்துக்கு வேலைக்கு வந்தவர் அவர்களின் அப்பா சவிரிமுத்து. ஆறு வருடங்களுக்கு முன் தூண்டிலோடு போனவர் திரும்பவில்லை. எல்லோரும் கடலில்தான் தேடினார்கள். ஒஸ்லோவில் அம்மா இன்னும் இறந்தோர் பூசைக்கு அவர் பெயரைக் கொடுக்க மறுக்கிறார். “உயிரோட இருக்கிற மனுசனுக்கோ பூசை?” என்று சீறுவார். போன மாதம் அப்பா இருந்த அறையின் சுவரைப் பிரித்தபோது, அவர் கைப்பட வரைந்த படம் ஒன்று வீட்டுக்காரிக்குக் கிடைத்தது. ‘மழைக்கு ஒதுங்கக் குகை. சிலுவைக் கல்லிலிருந்து வாடைப்பக்கம் முந்நூறு அடி.’

“வாடையெண்டா நாத்தம்தானே,” என்றான் கிளமென்ற். கரையில் நின்ற அந்தச் சிலுவைக் கல்லுக்குத் தெற்கே, மீன் காயப்போட்ட மரச்சட்டங்கள் நாறின. மூக்கைப் பொத்திக்கொண்டு அரை நாள் தேடினார்கள். குகையாவது மண்ணாவது! எஸ்தருக்கு அழுகை வந்தது. அம்மாவுக்குச் சொல்லாமல் வந்தவள், கடைசியில் அம்மாவுக்கே போன் எடுத்து அப்பா எழுதியதை வாசித்தாள்.

“வாடையெண்டா வடக்கடி, விசரி. வாடைக்காத்து,” என்றார் அம்மா. “பாத்திட்டுச் சொல்லு.”

வடக்கே செங்குத்துப் பாறை. கீழே கடல் ஏறிக்கொண்டிருந்தது. கிளமென்ற் கயிற்றை இடுப்பில் சுற்றிக் குந்தினான். “தண்ணி கூடினா இழுத்துப்போடுவன், அக்கா.” எஸ்தர் இறங்கினாள். கால் வழுக்கியது, முழங்கை கிழிந்தது. ஆனாலும் அலைக்கு எட்டாத உயரத்திலிருந்த குகை வாயைப் பிடித்துவிட்டாள்.

அப்பா அங்கேதான் இருந்தார். எலும்பும் மஞ்சள் பூட்சும். முறிந்த காலைத் தூண்டில் நூலால் தானே கட்டியிருந்தார். விரல்களுக்குள் செபமாலை.

“அம்மா, அப்பாதான்,” என்றாள் போனில்.

“அங்க வாடை அடிக்குதோ?”

“ஓம்.”

“அப்ப மூடிவிடு, பிள்ளை. அந்த மனுசன் குளிர் தாங்காது.”

எஸ்தர் தன் மழைக்கோட்டைக் கழற்றி அப்பாவுக்குப் போர்த்தினாள். மேலேயிருந்து கயிறு இழுபட்டது.

அம்மாவிடம் முதலிலேயே கேட்டிருந்தால் அரை நாள் மிச்சம் என்று, பொலிஸ் படகில் அப்பாவோடு திரும்பும்போது கிளமென்ற் தலையில் அடித்துக்கொண்டான். அந்த ஞாயிறு, பூசைக்குப் பெயர் கொடுக்கும் வரிசையில் அம்மாதான் முதலில் நின்றார்.