கடைசி ஆளின் வலது கை

பாரிஸின் லா ஷப்பல் மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த மண்டபத்துக்குள் சிவாஜினி நுழைந்தபோது ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. பள்ளிக்கூடச் சமையலறையில் கூட வேலை செய்யும் சுசான்தான் கூட்டிவந்தாள். சுசான் பிரான்சின் மேற்குக் கரைப் பிரெத்தோன்காரி, அங்கே நடக்கவிருந்தது அவளுடைய ஊர் ஆட்டம். வரும் வெள்ளிக்கிழமை நகரசபை மெரியில் சிவாஜினிக்கும் மகாலிங்கத்துக்கும் பதிவுத் திருமணம். அதற்குமுன் இவள் கொஞ்சம் சிரிக்கட்டுமே என்று சுசானுக்கு ஆசை.

சிரிக்க எங்கே முடிந்தது! எட்டு வருடத்துக்குமுன், இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், ஊரில் போரின் கடைசி நாட்களில் கடல்நீர்க் களப்பைக் கடக்கும்போது கணவன் சஞ்சீவனின் கை நழுவிப் போனது. உடலைக் கண்டவர் இல்லை. இப்போது ஊரிலிருந்து மரணப் பத்திரம் எடுப்பித்துவிட்டாள். செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியை மட்டும் செய்யவில்லை. ஒருவேளை உயிரோடு இருந்தால் பாவம் அல்லவா? கடதாசிக்கு மட்டும் அவன் செத்திருந்தான்.

மேடையில் இருவர் ஊதத் தொடங்கினார்கள். ஒருவர் கையில் குட்டி நாதஸ்வரம் போன்ற ஒன்று, மற்றவரிடம் தோல்பை. ஆடுபவர்கள் பக்கத்து ஆளின் சின்ன விரலில் தங்கள் சின்ன விரலைக் கொளுவிக்கொண்டு, சங்கிலியாக இடப்பக்கம் நகர்ந்தார்கள்.

சிவாஜினி தன் சின்ன விரலைப் பார்த்தாள். கல்யாணத்தில் அக்கினியை மூன்று முறை சுற்றியபோது சஞ்சீவன் பிடித்ததும் சின்ன விரலைத்தான்.

புதியவள் என்பதால் சங்கிலியின் வாலில் சேர்ந்தாள். இடது விரல் சுசானிடம். வலது கை சும்மா தொங்கியது.

முதல் சுற்று.

இரண்டாம் சுற்றில் களப்புச் சேற்றின் நாற்றம் வந்தது.

மூன்றாம் சுற்றில் வலது விரலை யாரோ கொளுவினார்கள்.

குளிர்ந்த விரல். நுனிக்கணு இல்லை. சஞ்சீவனின் அந்தக் கணுவைப் போரில் எறிகணைச் செல் துண்டு கொண்டுபோயிருந்தது.

பக்கத்தில் யாருமில்லை.

“நீங்களோ?” என்று முணுமுணுத்தாள். “செத்திட்டியளோ?”

விரல் ஒருமுறை இறுகியது.

அழவேண்டியவளுக்கு ஆறுதலாக இருந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

“அப்ப என்னை விடுங்கோ. செய்ய வேண்டியதெல்லாம் செய்விக்கிறன்.”

இசை நின்றது. எல்லோரும் விரல்களைக் கழற்றிக் கைதட்டினார்கள். அவளால் தட்ட முடியவில்லை.

“சிவா, வலது கையை ஏன் அப்படித் தூக்கி வைத்திருக்கிறாய்?” என்றாள் சுசான்.

புதன்கிழமை ஐயரைப் பிடித்து அந்தியேட்டி செய்வித்தாள். எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டத்தை சேன் ஆற்றில் விட்டாள். அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை மெரி வாசலில் மகாலிங்கம் பூங்கொத்தோடு காத்திருந்தார். அவள் வலது கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டியவர் சட்டென்று பின்வாங்கினார்.

“சிவா,” என்றார் மெதுவாக, “உங்களுக்குப் பக்கத்திலை நனைஞ்சுபோய் நிக்கிறவர் ஆர்?”

சிவாஜினி திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு ஆளைத் தெரியும்.