தொட்டி தின்ற மக்னீசியம்

சோதனை மருந்துச் சொட்டு விழுந்த மாத்திரத்தில் குப்பியின் நீர் நீலமாகிவிட்டது.

லுல்வா குப்பியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். வெளியே குவைத் முழுக்கப் புழுதிக்காற்று. பட்டப்பகலிலேயே கூடத்தில் செம்மண் நிற இருட்டு, ஈரத் தூசியும் கடலுப்பும் கலந்த வாடை, மீன்தொட்டிப் பம்பின் ஓயாத முனகல். பவளம் வளர்க்கும் அந்தத் தொட்டியில் மக்னீசியம் போதுமானதாக இருந்தால் குப்பியின் இளஞ்சிவப்பு அத்தனை சீக்கிரம் மாறாது. நேற்றுதான் மக்னீசியக் கரைசல் ஊற்றியிருந்தாள். சோதனை மருந்து கெட்டுவிட்டதோ என்று கடையிலிருந்து புதுக் கடல்நீர் வாங்கிவந்து அதையும் சோதித்தாள். அது சரியாக இருந்தது. அப்படியானால் தொட்டிக்குள் ஏதோ மக்னீசியத்தைத் தின்கிறது.

பாறைகளின் பின்னால் டார்ச் அடித்தாள். இளஞ்சிவப்புப் பாசி பூசிய ஒரு வளைவு. லுல்வா பல் மருத்துவர். அந்த வளைவை அவள் தினமும் பார்க்கிறாள். மனிதனின் கீழ்த்தாடை. பல் இல்லாத தாடை.

தம்பி மிஷாரி போனில் சிரித்தான். "அக்கா, இந்தத் தொட்டிக்குக் காட்டுற கரிசனத்த ஒரு மாப்பிள்ளைக்குக் காட்டியிருந்தா இந்நேரம் பேரப்பிள்ளை எடுத்திருப்ப."

"வாய மூடுடா. உள்ள என்னமோ வளருது."

சிரிப்பு நின்றது. "அப்போ அங்க இருக்காத. சாமான எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வா."

"என் வீட்ட விட்டு நான் எதுக்குடா ஓடணும்? பட்டினி போட்டா தானா சாகும்."

கரைசல் புட்டிகளை மூட்டை கட்டிக் குப்பையில் போட்டாள். தொட்டிக்கு ஒரு சொட்டுகூடத் தரவில்லை. மக்னீசிய அளவு இறங்கியது, பவளங்கள் வெளிறின. அவளுக்கும் கெண்டைக்கால் முறுக்கி இழுத்தது, விரல்கள் மரத்தன. உடம்பில் மக்னீசியம் குறைந்தாலும் இப்படித்தான் இழுக்கும்; அவள் அலைச்சல் என்று நினைத்தாள்.

பிறகு ஒரு பிற்பகல் சோதித்தபோது சொட்டு மேல் சொட்டாக விட்டும் குப்பி இளஞ்சிவப்பாகவே நின்றது. யாரும் ஊற்றாத மக்னீசியம் தொட்டியில் ஏறியிருந்தது.

கெண்டைக்கால் மறுபடி இழுத்தது. வயிறு காலியாக இருப்பதால்தான் என்று சொல்லிக்கொண்டு ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்தாள்.

கடித்த பல் சுண்ணாம்புக்கட்டி போல உதிர்ந்தது. வலியில்லை. ரத்தமில்லை. உள்ளங்கையில் வெறும் வெள்ளைத் தூள்.

தொட்டியைப் பார்த்தாள். பாறைக்குப் பின்னால் இருந்த தாடை இப்போது கண்ணாடியை ஒட்டி இருந்தது. அதில் ஒரே ஒரு பல். சற்றே சாய்ந்த பல். அவளுடையது.

பம்பு நின்றது. அவள் நிறுத்தவில்லை.

"மிச்சமும் வேணுமா?" என்றாள். சமையலறையிலிருந்து சுத்தியலை எடுத்து வந்தாள். "வா. வந்து எடுத்துக்க."

ஓங்கினாள். வாய்க்குள் இன்னொரு பல் ஆடியது. இன்னொன்று.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தாடை மெல்லத் திறந்தது. அதன் ஈறில் வெள்ளையாக, வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பற்கள் முளைத்துக்கொண்டிருந்தன.