நிற்காத டிக்

சிதம்பரம் அண்ணாமலை நகரில் விஜயகுமார் மாமா வாடகைக்கு எடுத்திருந்த பழைய வீட்டின் மாடிக்கு நான் ஏறிப் போனது மத்தியானச் சாப்பாட்டு நேரம். கதவைத் தள்ளியதும் டீசலும் ஈர வலையும் கலந்த கடல் வாடை அடித்தது. சிதம்பரத்தில் ஏது கடல்?

மாமா எனக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை. எங்கள் கடலூர் படகுகளுக்கு வெப்சைட் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். புயல் அன்று கம்ப்யூட்டர் முன் நான் உட்கார்ந்திருந்தேன். திரும்பிய படகுக்கு 'கரை வந்தது' என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். டிக் இல்லாத படகைத் தேடிப் போவார்கள். சிங்காரம் அண்ணன் படகுக்கு முந்தின நாள் போட்டிருந்த டிக்கை எடுத்துவிட்டுத்தான் சேவ் செய்தேன். தேடப் போனவர்கள் பார்த்தபோது டிக் அப்படியே இருந்திருக்கிறது.

அண்ணனை யாரும் தேடவில்லை.

"கூடப் பொறந்தவன கொன்னுட்டியேடி" என்று மங்கலம் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கை தவறியிருக்கும்" என்று மாமா எல்லார் முன்னாலும் சொன்னார். நானும் நம்பித் தொலைத்தேன். நேற்று வேறொரு படகின் டிக்கை எடுத்துப் பார்த்தேன். அதுவும் போகவில்லை. அதைக் கேட்கத்தான் வந்தேன்.

"டிக்க எடுத்தா ஏன் மாமா போவ மாட்டேங்குது?"

அவர் தலை நிமிரவில்லை. "காலிப் பெட்டிய பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. ஒண்ணும் வரலன்னா 'இல்லை'ன்னு நாமதான் எழுதிக்கணும். நான் அப்பிடி எழுதாம பழைய டிக்கையே உட்டுட்டேன்."

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

"தெரிஞ்சுமா பழிய என் தலையில போட்டீங்க?"

"என் பொழப்பு போயிடும்ல?"

இந்த மனுஷனுக்கா கழுத்தை நீட்ட இருந்தேன்!

அப்போது, சர்வருக்கு வருவதையெல்லாம் காட்டும் திரையில் ஒரு வரி ஏறியது.

சிங்காரம் படகு. கரை வந்தது: இல்லை.

"காலிப் பெட்டிலேருந்து எதுவும் வரக் கூடாதே மாலதி..." மாமா நாற்காலியை விட்டு எழுந்தார். "யாரு அனுப்பறா?"

இல்லை.

நெட் வயரைப் பிடுங்கினார். வயர் கையில் தொங்கியது.

இல்லை.

வாடை மூச்சை அடைத்தது. "நாளைக்குக் காலைல வந்து மங்கலத்துகிட்ட சொல்லிடறேன்" என்று முணுமுணுத்தார். என்னிடம் சொன்ன மாதிரி தெரியவில்லை.

திரை அடங்கியது.

மறுநாள் காலையில் அவர் வரவில்லை. வெப்சைட்டைத் திறந்தேன். அண்ணன் படகையே பட்டியலிலிருந்து அழித்திருந்தார். பாவி, ராத்திரியோடு ராத்திரியாகத் தடயத்தைத் துடைத்துவிட்டார்.

அண்ணன் பெயர் இருந்த இடத்தில் வேறொரு பெயர் இருந்தது.

விஜயகுமார்.

பக்கத்தில் 'கரை வந்தது' பெட்டி காலி.

அவருக்குப் போன் போட்டேன். யாரோ எடுத்தார்கள். அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் செத்தால் எனக்கென்ன என்று இருந்துவிட முடியவில்லை. உண்மையைச் சொல்ல அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? அவர் சொல்லாமல் அண்ணி என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. பெட்டியில் டிக் போட்டு சேவ் செய்தேன். திறந்தால் காலி.

மறுபடி போட்டேன். அறைக்குள் டீசலும் ஈர வலையும் கலந்த அதே வாடை அடிக்கத் தொடங்கியது.

பெட்டி காலியாகவே இருந்தது.