நாற்பது மைலில் வரும் நடுக்கம்

“நடுக்கம் கையில வருதா, இடுப்புல வருதா, பாப்பா?”

வத்தலக்குண்டில் கார் பட்டறை வைத்திருந்த குருநாதன் மேஸ்திரி என்னைக் கேட்ட கேள்வி இது. அவர் கேட்டதில் தப்பில்லை. வண்டி ஓடும்போது ஸ்டியரிங் பிடித்த கையில் நடுக்கம் தெரிந்தால் முன்சக்கரத்தில் கோளாறாம். உட்கார்ந்திருப்பவரின் இடுப்பில் தெரிந்தால் பின்சக்கரத்திலாம். அப்பா ஓட்டினார், நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். அதனால் என்னைக் கேட்டார். ஆனால் வெளியாள் ஒருவர் இடுப்பு என்ற வார்த்தையைச் சொன்னதும் எனக்குக் காது சுட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

“என்னண்ணே, பொண்ணு வாய வீட்டுலயே வச்சுட்டு வந்துருச்சா?”

“கூச்சம்” என்றார் அப்பா. “பெரியவளானதும் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்திட்டோம். அதுலேர்ந்து வீட்டுலயே பேச்சு கம்மி.”

அதையும் அவரிடம் சொல்ல வேண்டுமா என்று எனக்கு அழுகை வந்தது.

என் அப்பா திருமலைச்சாமி. எங்கள் ஊர் வில்பட்டி. அப்பா கொடைக்கானல் ஏரிக்கரையில் பிளஷர் கார் வைத்து வாடகைக்கு ஓட்டினார். அந்த வருஷம் தை மாதத்திலிருந்துதான் வண்டிக்கு இந்த வியாதி. மலைப்பாதையில் ஒன்றும் தெரியாது. வளைவுகளெல்லாம் முடிந்து அடிவாரம் வந்து, இருபக்கமும் புளியமரம் நிற்கும் நேர்ரோட்டில் நாற்பது மைல் வேகத்தைத் தொட்டதும் நடுக்கம் தொடங்கும். வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும். கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போன ஒரு கூட்டம் நடுவழியில் இறங்கி பஸ்ஸுக்கு நின்றது. அதன்பிறகு ஏரிக்கரையில் அப்பா வண்டிப் பக்கம் யாரும் வரவில்லை. நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காவிட்டால் வண்டியை விற்கவேண்டியதுதான் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தனியாகக் கீழே இறங்குவதையும் அப்பா விட்டுவிட்டார். அன்றைக்கு என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். நான் பின்கதவைத் திறந்தபோது, “அந்தப் பக்கம் வேணாம் தாயி, எனக்குப் பின்னால உக்காரு” என்றார். அந்தப் பக்க இருக்கைக்கு மட்டும் புது ரெக்ஸின் தைத்திருந்தது. எலி கடித்துவிட்டதாகச் சொன்னார்.

பாதி மலை இறங்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் விலக்காகிவிட்டேன் என்று.

அப்பா பழனிக்கு மாலை போட்டிருந்தார். பங்குனி உத்திரத்துக்குத் தீர்த்தக் காவடி எடுக்கிற வேண்டுதல். வீட்டில் ஒருவர் மாலை போட்டுவிட்டால் எங்களுக்கு அந்த நாட்களில் மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னாலிருக்கும் சின்ன ஓலைக் குச்சில்தான் இடம். மாலை போட்டவர் கண்ணிலே படக்கூடாது. நானோ ஒரே வண்டிக்குள், அவருடைய முதுகுக்குப் பின்னால். அம்மாவாக இருந்தால் சொல்லியிருப்பேன். அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது? தாவணித் தலைப்பை மடித்து அடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தெரிந்தால் இறங்கு என்பார். ஆளில்லாத ரோட்டில் இறங்கி நான் எங்கே போவேன்?

நான் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே மேஸ்திரி சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கினார். கையால் சுற்றிவிட்டு, டயருக்குப் பக்கத்தில் சாக்குக்கட்டியை அசையாமல் பிடித்தார். மேடு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கோடு விழுமாம். நான்கிலும் கோடு ஒரே சீராகச் சுற்றி வந்தது. ரிம்முக்கு உட்புறம் காய்ந்துகிடந்த மண்ணைச் சுரண்டினார். நட்டுகளை முறுக்கினார். முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டார்.

“இனி கோளாறு சக்கரத்துல இருந்தா நடுக்கமும் சக்கரத்தோடயே இடம் மாறணும்” என்றார். “மாறலேன்னா வேற எங்கயோ ஒளிஞ்சு கெடக்கு. வாங்கண்ணே, ஓட்டிப் பார்ப்போம்.”

டீக்கடையில் இரண்டு கண்ணாடி கிளாஸில் தண்ணீர் வாங்கினார். ஒன்றைத் தன் காலடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினார். மற்றதை என்னிடம் நீட்டினார்.

“நீதான் பேசமாட்டேங்கிற. தண்ணியாவது பேசுதான்னு பார்ப்போம். அந்தப் பக்கம் கீழ வை.”

இறங்க வேண்டியில்லாமல் போனதே என்று நிம்மதியாக இருந்தது எனக்கு. எட்டி, ஆளில்லாத அந்த இருக்கைக்குக் கீழே கிளாஸை வைத்தேன்.

உச்சி வெயில். தார் உருகும் வாசனை. மலையைப் பார்க்கத் திரும்பிய நேர்ரோட்டில் வண்டி வேகமெடுத்தது. புளியமர நிழல்கள் வண்டிமேல் விழுந்து விழுந்து விலகின.

“முப்பத்தஞ்சு” என்றார் மேஸ்திரி. “மிதிங்கண்ணே.”

நாற்பது.

முன்னால் இருந்த தண்ணீர் ரோட்டுக்கேற்றபடி மெல்ல அலம்பியது. எனக்குப் பக்கத்திலிருந்த கிளாஸில் அப்படியில்லை. தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள் நெருக்கமாக வந்துகொண்டேயிருந்தன. யாரோ கால் நடுங்க உட்கார்ந்திருக்கும் பலகையில் வைத்ததுபோல.

நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு அசைவும் இல்லை. அந்தப் பக்க இருக்கைதான் நடுங்கியது.

பச்சைப் பூண்டு வாசனை வந்தது. பூண்டுக் காட்டில் வேலை செய்தவர்களின் சேலையில் வருமே, அந்த வாசனை. அதோடு, நனைந்த துணியின் வாசனை.

பிறகு குளிர்ந்தது. பங்குனி வெயிலில், தை மாத விடியலின் குளிர்.

“கண்ணாடிய ஏத்தி விடு தாயி.”

பெண்குரல். காதுக்கு வெகு பக்கத்தில்.

அந்தப் பக்கத்துக் கதவின் கண்ணாடி நாலு விரல் இறங்கிக் கிடந்தது. எட்டிக் கைப்பிடியைச் சுற்றினேன். கைப்பிடி ஈரமாயிருந்தது. கண்ணாடி ஏறவில்லை.

“நான் எறங்க மாட்டேன்னுதான் சொன்னேன்.”

அப்போது எனக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது.

பக்கத்து ஊர்ப் பள்ளங்கி ராக்காயி. பூண்டுக் காட்டுக்கு வேலைக்குப் போகிறவள், நிறைமாதம். தைப்பூசத்துக்கு அப்பா மாலை போட்டிருந்த சமயம் அவளுக்கு வலி கண்டது. அவள் புருஷன் வேலப்பன் விடியுமுன் அப்பாவை எழுப்பி, வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி ஏற்றிவிட்டான். பணம் புரட்டிக்கொண்டு காய்கறி லாரியில் பின்னாலேயே வருவதாகச் சொன்னான். வெளிச்சம் வந்தபோது ராக்காயியும் பிள்ளையும் இந்த நேர்ரோட்டுப் புளியமரத்தடியில் விறைத்துக் கிடந்தார்கள்.

“வலி தாங்காம அவளேதான் எறங்கிக்கிட்டா. நான் ஆள் கூட்டியாரப் போனேன்” என்று அப்பா ஊர் நடுவில் சொன்னார். வேலப்பன்கூட நம்பினான். மாலை போட்டவர் பொய் சொல்வாரா? நானும் நம்பினேன்.

“நிறுத்துங்கண்ணே” என்றார் மேஸ்திரி.

“இங்க வேணாம். கொஞ்சம் தள்ளி...”

“வெரசா நிறுத்துங்க. சூடு ஆறுறதுக்குள்ள தொட்டுப் பார்க்கணும்.”

வண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றது. அப்பா இன்ஜினை அணைத்தார். மேஸ்திரி இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். முன்னால் இரண்டும் சூடு. என் பக்கமும் சூடு. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனவர், கையை வைத்ததும் பனிக்கட்டியைத் தொட்டவர்போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

கையை வேட்டியில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

“இந்தப் பக்கம் யாருண்ணே உக்காந்து வந்தா?”

“யாருமில்லையே. நீதான் பார்த்தியே.”

“நான் இன்னைக்கிப் பத்திக் கேக்கல.”

அப்பா கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார்.

மேஸ்திரி குனிந்து கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பக்கத்தில் ஆளில்லாத இருக்கையைப் பார்த்தார். “சக்கரத்துல கோளாறு இல்லண்ணே” என்றார், சத்தத்தைக் குறைத்து. “எனக்குக் கடையில சோலி கெடக்கு. நடந்தே போய்க்கிறேன்.” ஜாக்கியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. பிறகு அப்பா திரும்பாமலே கேட்டார்.

“நீயாவது சொல்லு தாயி. நடுக்கம் எங்க வருது?”

“கையிலயும் இல்ல, இடுப்புலயும் இல்லப்பா. பக்கத்துல வருது.”

“பக்கத்துலன்னா?”

“ஒரு ஆளு குளிருல நடுங்குற மாதிரி.” எனக்கே என் குரல் கேட்கவில்லை. “எறங்க மாட்டேன்னுதான் சொன்னாங்களாம்பா.”

அப்பாவின் முதுகு சட்டைக்குள் சுருங்கியது. கதவைத் திறந்து இறங்கினார். என் பக்கத்துக் கதவையும் திறந்தார். கண்ணாடியை ஏற்ற எட்டியபோது தாவணித் தலைப்பு விலகிப்போனதை நான் கவனித்திருக்கவில்லை. நான் இழுத்து மூடுவதற்குள் அவர் பார்த்துவிட்டார். இருக்கையில் பட்ட கறையை, பிறகு என்னை.

தைக்கப்பட்ட அந்தப் புது ரெக்ஸினின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. எலி கடித்ததில்லை, ராக்காயியின் ரத்தம்; தீட்டு என்றுதான் அவளை இறக்கிவிட்டிருக்கிறார்.

செத்துப்போகலாம் போலிருந்தது. எனக்காகவா, அவருக்காகவா என்று தெரியவில்லை. அவர் வாயால் இறங்கு என்று சொல்லிக் கேட்பதைவிட நானே போய்விடலாம் என்று ஒரு காலை வெளியே வைத்தேன்.

“நானே எறங்கிக்கிறேன்பா.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வண்டி நின்ற பிறகும் ஓயாதிருந்த நடுக்கம் எனக்குப் பக்கத்தில் இப்போது நின்றது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்ப்பதுபோல.

அப்பா குனிந்தார். மாலை போட்டிருந்தவர் தன் கையாலேயே என் பாதத்தைத் தொட்டுத் தூக்கி வண்டிக்குள் வைத்தார். கதவை, தூங்குகிற பிள்ளை இருக்கிற அறையைச் சாத்துவதுபோல மெதுவாகச் சாத்தினார். கழுத்து மாலையைக் கழற்றினார். வண்டியைச் சுற்றி வந்து, அந்தப் பக்கக் கதவின் கைப்பிடியில் அதை மாட்டினார். மேலே ஏறாமல் கிடந்த கண்ணாடியின் இடுக்கு வழியே உள்ளே பார்த்தார். என்னை அல்ல.

உதடு அசைந்தது. பிறகு திரும்பி நடக்கத் தொடங்கினார்.

“அப்பா, எங்க போறீங்க?”

நான் மறுபடி கைப்பிடியைச் சுற்றினேன். இந்தமுறை கண்ணாடி தானாக வருவதுபோல ஏறி மூடிக்கொண்டது. காற்று நின்றது. ஆனாலும் கிளாஸிலிருந்த தண்ணீரில் வட்டங்கள் மறுபடி தொடங்கின. இன்ஜின் அணைந்து கிடந்தது. பூண்டு வாசனை முன்னைவிட நெருக்கமாக வந்தது. புது ரெக்ஸினின் மேல், ஒரு ஆள் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது.

வேலப்பன் இருக்கும் மலைப் பக்கம் பார்த்து, வெறும் கழுத்தோடு, அப்பா வெயிலில் நடந்து போனார்.