கடற்பாசிக்கு ஷிப்ட் முடிந்தது

எலைனின் மேசைப் பக்கம் வந்த எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னா எலைன், கருவாட்டுக் கடை போட்டிருக்கே?" என்றான் சுனில். ஐந்தாம் வகுப்பிலிருந்தே அவளைக் கிண்டல் செய்யாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"காய்ஞ்ச கடற்பாசிடா. கடலோரம் மண்டபம்னு ஒரு ஊர்லேர்ந்து எங்க ஃப்ளோரா அத்தை அனுப்பினாங்க. தண்ணியில கலந்த செம்பு, ஈயம் எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்சுக்கும், தெரியுமா?"

கடல் எங்கே, கோலார் தங்க வயல் எங்கே? ஆனாலும் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குக் கடலே வந்துவிட்டது போல எலைன் பூரித்துப் போயிருந்தாள். மாலை மணி அடிப்பதற்குள் அறிவியல் ஆசிரியர் மனோகர் சார் ஒரே ஒரு செய்முறையைத் தேர்ந்தெடுப்பார். அதுதான் கோலாரில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் போகும்.

மேசையில் இரண்டு குவளைகள். இரண்டிலும் செம்பு உப்பு கரைத்த நீலத் தண்ணீர். காலையில் ஒன்றில் மட்டும், நன்றாகக் கழுவிய பாசியைப் போட்டாள். நீலம் மெல்லக் குறைந்தது. எலைனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், பாதி நீலம் அப்படியே நின்றுவிட்டது.

"உன் பாசி தூங்கிட்ச்சு," என்று சிரித்தான் சுனில்.

எலைனுக்கு அழுகை முட்டியது. தூங்கிவிட்டதா? நைட் ஷிப்ட் முடித்து, ரயிலில் மாரிகுப்பம் ஸ்டேஷனில் வந்து இறங்கும் அப்பாவும் அப்படித்தான் தூங்குவார். கம்பெனியிலிருந்து போன் வந்தால், "என் ஷிப்ட் முடிஞ்சிட்ச்சு, அடுத்த ஆளைக் கூப்பிடுங்க" என்பார்.

எலைன் துள்ளி எழுந்தாள்.

"சுனில், அது தூங்கலைடா. கை நிறைய செம்பு வச்சிருக்கு. இன்னும் எப்படிப் பிடிக்கும்? அதுக்கு ஷிப்ட் முடிஞ்சிட்ச்சு."

பழைய பாசியை எடுத்து ஒரு டப்பாவில் மூடி வைத்தாள். புதுப் பாசியைக் கழுவிப் போட்டாள். சுனிலுக்கும் ஆவல் தாங்கவில்லை. கரண்டியைப் பிடுங்கி, மணி அடிக்கும் நேரம் வரை அவனே கலக்கினான். நீலம் வெளுத்தது. இன்னும் வெளுத்தது.

மனோகர் சார் வந்து, குவளைகளுக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தார். "நீலம் எங்கம்மா போச்சு?" பாசி மாற்றிய கதையை எலைன் சொன்னாள்.

"நான் குடிச்சுக் காட்டட்டா சார்?" என்று சுனில் கை நீட்டினான்.

எலைன் அவன் கையைத் தட்டிவிட்டாள். "நிறம் போனா போதுமா? டெஸ்ட் பண்ணாம வாயில வைக்கக் கூடாது."

"சரி, பழைய பாசியை எங்கே கொட்டினே?" என்றார் சார்.

"கொட்டலைங்க சார், டப்பாவுல இருக்கு. செம்பு முழுக்க அதுலதானே? சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி நம்ம ஊர்ல ஏற்கெனவே மலையா நிக்குது."

சார் வாய்விட்டுச் சிரித்தார். "கோலாருக்குக் கிளம்பு."

சுனில் தலையைச் சொறிந்தான். "எலைன், நானும் வரட்டா?"

"வாயேன். மூணாவது ஷிப்டுக்குக் கலக்க ஆள் வேணும்."