வலது கண்ணைத் தொட்டவன்

அது மழையா! மேலே யாரோ குழாயைத் திறந்துவிட்டு ஊருக்குப் போய்விட்ட மாதிரி கொட்டியது. அதில் குடைகூட இல்லாமல் அவள் ஸ்டூடியோவுக்குள் நுழைந்த வேகத்தில், சுவரில் சட்டம் போட்டிருந்த மணமக்களே திடுக்கிட்டிருப்பார்கள்.

மூன்று படங்களை மேஜைமேல் பளாரென்று வைத்தாள்.

"இது யாரு மூஞ்சி?"

"உங்க அக்காதானே? அதே ஜாடை." புகைப்படக்காரன் சிரித்தான். "ஆபீஸ் அடையாள அட்டைக்கு வருஷா வருஷம் நான்தாங்க எடுப்பேன். அழகா வந்திருக்கே..."

"அழகுல தீய வைக்க! வலது கண்ண என்ன பண்ணீங்க?"

"லேசா பெருசா தெரிஞ்சது. இடது கண்ணு அளவுக்குக் குறைச்சேன். இதுக்குப் போயி..."

அவள் கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிப்பவள். ஒருநாளைக்கு ஒரு லட்சம் கண்களாவது பார்ப்பாள். இவன் கண்களையும் பழக்கதோஷத்தில் பார்த்துவிட்டாள். தெளிந்த வெண்விழி... நீண்ட இமைமுடி... சே! சண்டைக்கு வந்த இடத்தில் என்ன இது?

"கண்குழிக்குள்ள கட்டி இருக்குங்க. கண்ணையே வெளிய தள்ளுது. மெதுவா வளர்ந்ததா, வேகமா வளர்ந்ததான்னு டாக்டர் பழைய படம் கேக்கறார். வேகமா வளர்ந்திருந்தா உடனே அறுத்து எடுக்கணும்; இல்லேன்னா நரம்பு நசுங்கிப் பார்வையே போயிடும். உங்க படத்துல மூணு வருஷமும் ரெண்டு கண்ணும் தராசுத் தட்டு மாதிரி சமமா இருக்கு! திருத்தாத படத்தக் குடுங்க."

அவன் முகம் இறுகியது. "திருத்தாத படத்த நான் வெளிய குடுக்கறதில்ல. தொழில் மானம்னு ஒண்ணு இருக்கு."

"உங்க மானத்துக்கு எங்கக்கா குருடாகணுமா?"

குரல் உடைந்துவிட்டது. கோபம் பாதி தன்மேலேயே... ஊரார் கண்ணுக்கெல்லாம் டார்ச் அடிக்கிறவள், தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளின் கண்ணைக் கவனிக்கவில்லையே!

அவன் கணினியைத் திறந்தான். முதல் வருடப் படத்தில் இரண்டு கண்ணும் சமம். இரண்டாவதில் துளி வித்தியாசம். மூன்று மாதத்துக்கு முன் எடுத்ததில்... அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முதல் வருஷம் நான் தொடவே இல்ல," என்றான், மெல்ல. "அடுத்த தடவ கணினியில மூணு புள்ளி குறைச்சேன். கடைசியா இருபத்திரண்டு. உலகத்துலயே நான்தான் முதல்ல பார்த்திருக்கேன்... ஒரு வார்த்த சொல்லாம, அழிச்சுட்டேன்."

படங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழைக்குள் ஓடினாள். மறுநாள் காலையே அறுவை சிகிச்சை. பார்வை தப்பியது. கட்டு பிரித்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "ஏண்டி இப்படி இளைச்சுட்ட?"

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வாசலில் புகைப்படக்காரன், ஒரு பெரியவரோடு.

"போன வருஷப் படத்த விட இவர் கண்ணு முன்னால வந்திருக்குங்க."

உண்மைதான். தைராய்டு கோளாறு. அதற்குப்பின் கண்ணில் பூ விழுந்த தையல்காரர், வருடக்கணக்காகக் கண்டதைக் கண்ணில் ஊற்றிய அத்தை... ஊரில் பாதியை அவனே ஓட்டிக்கொண்டு வந்தான். வரவர, கழுகுப் பார்வைக்காரர்களையும் கூட்டி வர ஆரம்பித்தான்.

"இந்தப் பையனுக்கு என்ன கோளாறு? கடைசி வரியவே கடகடன்னு படிக்கிறான்!" சீறினாள்.

"ஒரு தடவ... நல்லாப் பார்த்துடலாமேன்னு..."

"உங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சாலும் வாய்க்கு வராதா? அக்கா கண்ணப் பார்த்துட்டுச் சொல்லாம இருந்தீங்க. இப்பவும் மூணு மாசமா எதையோ பார்த்துக்கிட்டு, ஊராரக் கூட்டி வந்து நிறுத்தறீங்க. இதையும் அழிச்சுடுவீங்களா?"

வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

அவன் பையனை ஓரமாக நகர்த்தினான்.

"உங்களத்தாங்க பார்க்க வர்றேன். உங்களப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

அவள் கோபத்தில் சிவந்தாள். அல்லது அவனை அப்படி நம்பவைத்தாள்.

"இதச் சொல்ல இவ்வளவு நாளா? எனக்கும்தான் பிடிச்சிருக்கு... அடுத்த ஆள் வாங்க!"